கொண்டு வருவதா, கொண்டு போவதா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே வகையானவை. அகராதியில் இரண்டு ஆங்கில வினைச்சொற்களுக்கு ஏறத்தாழ ஒரே தமிழ்ப் பொருள் இருக்கிறது, அவற்றுள் எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். அவற்றிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்து விடை எழுதுகிறேன். எல்லோருக்கும் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அதனால் ‘எழு’ என்று பொருள்படும் ‘ரைஸ்’ வரும் இடத்தில் சோற்றை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

*

“என் மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். நாளைக்கு மதிய உணவு கொண்டு வர வேண்டும் என்பதை அவளுடைய ஆசிரியை நாட்குறிப்பில் ‘பிரிங் யுவர் லன்ச்’ என்று எழுதி அனுப்பியிருந்தார். மறுநாள் காலையில் அதே சொல்லை நானும் சொன்னேன். மகளோ, ‘அம்மா, நீங்கள் டேக் என்றுதான் சொல்ல வேண்டும்’ என்று திருத்துகிறாள். ஆசிரியைக்குச் சரியாக இருக்கும் சொல் எனக்கு எப்படித் தவறாகும்?” — வாசகி ஒருவர், திருமங்கலம்.

உங்கள் மகள் சொன்னது சரி. ஆசிரியை எழுதியதும் சரி. உணவுப் பாத்திரமும் அது போய்ச் சேரும் இடமும் மாறவில்லை என்றாலும், பேசுகிறவர் நிற்கும் இடம் மாறிவிட்டது. ஆசிரியை பள்ளியில் இருந்துகொண்டு எழுதினார். பாத்திரம் அவரை நோக்கி வருகிறது. நீங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னீர்கள்; பாத்திரம் உங்களை விட்டுப் போகிறது. இதே செய்தியைத் தமிழில் சொல்வதாக இருந்தால் உங்களுக்குக் குழப்பமே வந்திருக்காது. ஆசிரியை ‘கொண்டு வா’ என்பார், நீங்கள் ‘கொண்டு போ’ என்பீர்கள். வாசலில் நின்றுகொண்டு ‘பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டு வா’ என்று எந்தத் தாயும் சொல்லமாட்டார். ‘பிரிங்’ என்றால் கொண்டு வருதல், ‘டேக்’ என்றால் கொண்டு போதல். அவ்வளவுதான்.

பிறகு ஏன் நம் பிள்ளைகள் இதில் தடுமாறுகிறார்கள் என்றால், பாடநூலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சொற்பொருள் பட்டியல்தான் காரணம் என்பது என் கருத்து. அங்கே ‘டேக்’ என்பதற்கு ‘எடு’ என்று ஒரே ஒரு பொருள்தான் தரப்பட்டிருக்கும். அதை மனப்பாடம் செய்த பிள்ளை, ‘எடுத்து வா’ என்று சொல்ல நினைக்கும்போது, ‘எடு’ என்பதற்கு ‘டேக்’, ‘வா’ என்பதற்கு ‘கம்’ என்று ஒட்டுப்போட்டு ‘டேக் அண்ட் கம்’ என்று சொல்லிவிடுகிறது. இந்தத் தொடரை நான் ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் வேண்டியது ‘பிரிங்’ என்ற ஒரு சொல் மட்டுமே.

அடுத்து வருவதுதான் நுட்பமான செய்தி. ‘கம்’, ‘பிரிங்’ ஆகிய இரண்டும் பேசுகிறவரை நோக்கிய இயக்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல. கேட்கிறவரை நோக்கிய இயக்கத்துக்கும் உரியவை. ஆசிரியைக்கு நீங்கள் கடிதம் எழுதி, ‘நாளை நானே படிவத்தைக் கொண்டு வருகிறேன்’ என்று தெரிவிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள்; படிவம் உங்களை விட்டுத்தான் போகிறது. ஆயினும் அது கேட்கிறவரிடம் சேர்வதால், தமிழில் ‘வருகிறேன்’ என்பதைப் போல ஆங்கிலத்திலும் ‘பிரிங்’ என்றே எழுத வேண்டும். அதே செய்தியைத் திண்ணையில் இருக்கும் உங்கள் மாமியாரிடம் சொன்னால் ‘கொண்டு போகிறேன்’, ‘டேக்’.

இந்த விதியை எந்த ஆங்கில இலக்கண நூலிலிருந்தும் நான் முதலில் கற்கவில்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்னும் முதல் இயலிலேயே இது இருக்கிறது. செலவு, வரவு, தரவு, கொடை ஆகிய நான்கையும் குறிக்கும் சொற்களை எடுத்துக்கொண்டு, ‘தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீர் இடத்த’ என்று தொல்காப்பியர் வரையறுக்கிறார். தருதலும் வருதலும் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் மூன்றாமவரான படர்க்கைக்கு உரியவை என்பது இதன் பொருள். ‘வா’ என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும் பொது என்னும் இந்த நூற்பாவை, ‘கம்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். எல்லா மொழிகளுக்கும் இது பொருந்துவதில்லை என்பதால்தான் இதைச் சிறப்பாகச் சொல்கிறேன். ஸ்பானிய மொழியில், ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் ‘இதோ போகிறேன்’ என்றே குரல் கொடுப்பார். அந்த மொழிக்காரர் ஆங்கிலம் கற்கும்போது இங்கே தலையைச் சொறிய வேண்டியிருக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. (தா, கொடு என்ற வேறுபாட்டை நாம் பேச்சில் தளர்த்திக்கொண்டு ‘எனக்குக் கொடு’ என்கிறோம். மலையாளத்தில் அது இன்றும் இறுக்கமாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘கிவ்’ ஒன்றுதான்.)

ஓர் இடத்தில் மட்டும் தமிழை அப்படியே கொண்டுபோகக் கூடாது. விடைபெறும்போது நாம் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ அல்லது வெறுமனே ‘வருகிறேன்’ என்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊருக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு விருந்தினரிடம் விடைபெற்றுக்கொண்டு, பணிவாக ‘ஐ ஆம் கமிங்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நான் எதையோ எடுத்துக்கொண்டு திரும்பி வரப்போகிறேன் என்று நம்பி அவர் வாசலிலேயே நெடுநேரம் நின்றிருந்ததாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

ஆட்களுக்கும் பொருள்களுக்கும் ஆங்கிலம் தனித்தனிச் சொல் வைத்துக்கொள்வதில்லை என்பதையும் கவனியுங்கள். நாம் தவலையைக் ‘கொண்டு வா’ என்றும் தம்பியைக் ‘கூட்டி வா’ என்றும் பிரித்துச் சொல்கிறோம். அங்கே இரண்டும் ‘பிரிங்’. இதில் தமிழர்கள் தவறு செய்து நான் பார்த்ததில்லை என்பதால் இதை இத்துடன் விடுகிறேன். அமெரிக்கப் பேச்சில் ‘டேக்’ வர வேண்டிய சில இடங்களில் ‘பிரிங்’ காதில் விழலாம். அது அவர்கள் வழக்கு, தேர்வுத்தாளில் வேண்டாம்.

*

“வங்கித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். ரைஸ்–ரெய்ஸ், லை–லே ஆகிய இணைகளில் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் மதிப்பெண் போகிறது. இவற்றுக்கு எளிய வழி உண்டா?” — வாசகர் ஒருவர், மேலூர்.

உண்டு. நீங்கள் எட்டாம் வகுப்புத் தமிழ் வகுப்பில் உறங்காமல் இருந்திருந்தால் அந்த வழி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. தன்வினை, பிறவினை என்று படித்தோம் அல்லவா, அதுதான் இது.

சித்திரைத் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். மீனாட்சியம்மன் கோயிலில் கொடி ஏறுகிறது. அர்ச்சகர்கள் கொடியை ஏற்றுகிறார்கள். மாசி வீதியின் முனையில் தேர் திரும்புகிறது. வடம் பிடித்தவர்கள் தேரைத் திருப்புகிறார்கள். அழகர் வைகையில் இறங்குகிறார். அவருடன் வந்தவர்கள் தோளில் இருந்த சுமையை இறக்குகிறார்கள். ஏறு–ஏற்று, திரும்பு–திருப்பு, இறங்கு–இறக்கு என்ற இந்த இணைகளில் முதலாவது தானே நிகழ்வது. இரண்டாவது இன்னொருவர் நிகழ்த்துவது. இரண்டாவதற்கு ‘எதை?’ என்ற கேள்விக்கு விடையாக ஒரு செயப்படுபொருள் வேண்டும். முதலாவதற்கு அது வேண்டாம்.

‘ரைஸ்’ என்பது எழு, உயர். ‘ரெய்ஸ்’ என்பது எழுப்பு, உயர்த்து. ஞாயிறு எழுகிறது என்றால் ‘ரைஸ்’. கேள்வி எழுப்புகிறார் என்றால் ‘ரெய்ஸ்’. முகூர்த்த நாள்களில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை விலை உயர்ந்தது என்று எழுதினால் ‘ரைஸ்’ என்பதன் இறந்தகாலமான ‘ரோஸ்’ வரும். வியாபாரிகள் விலையை உயர்த்தினார்கள் என்று எழுதினால் ‘ரெய்ஸ்ட்’ வரும். செய்தி ஒன்றேயானாலும் இரண்டாவது வாக்கியத்தில் வியாபாரிகள்மேல் பொறுப்பு ஏறிவிடுகிறது. ஆகவே செய்தியாளர்கள் இதில் கவனமாக இருப்பது நல்லது. ‘ரைஸ்’ தன் காலங்களில் ரோஸ், ரிஸன் என்று உருமாறும். ‘ரெய்ஸ்’ ஒழுங்காக ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட் என்று மட்டும் வரும்.

‘லை’, ‘லே’ என்னும் இணையும் இதே முறைதான்: ‘லை’ என்பது கிட, ‘லே’ என்பது கிடத்து. தொட்டிலில் குழந்தை கிடக்கிறது. தாய் குழந்தையைக் கிடத்துகிறாள். ‘லே’ என்பதற்கு ‘இடு’ என்று இன்னொரு பொருளையும் சேர்த்துக்கொண்டால் கோழி முட்டையிடுவதும், அடித்தளம் இடுவதும், சாலை போடுவதும் அதற்குள் அடங்கிவிடும். இவை எல்லாவற்றிலும் ‘எதை?’ என்று கேட்டால் விடை கிடைப்பதைப் பாருங்கள்.

உங்கள் மதிப்பெண் போவதற்குக் காரணம் பொருள் தெரியாமை அல்ல, வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான் என்று நினைக்கிறேன். ‘கிட’ என்னும் ‘லை’ இறந்தகாலத்தில் ‘லே’ ஆகிவிடுகிறது. அதன் மூன்றாம் வடிவம் (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) ‘லெய்ன்’. ‘கிடத்து’ என்னும் ‘லே’ இறந்தகாலத்திலும் அதன் பிறகும் ‘லெய்ட்’. ஆகவே ஒரு வாக்கியத்தில் ‘லே’ என்று கண்டவுடன், அது ‘கிடந்தது’ என்பதா, ‘கிடத்து’ என்பதா என்று செயப்படுபொருளைத் தேடிப் பார்க்க வேண்டும். ‘நேற்று நாய் வெயிலில் கிடந்தது’ என்பதற்கு ‘லே’ சரி. செயப்படுபொருள் இல்லை, காலம் நேற்று. இத்துடன் பொய் சொல்லுதல் என்னும் பொருளில் இன்னொரு ‘லை’ வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அது லைட், லைட் என்று ஒழுங்காகப் போகும். இவற்றின் நிகழ்கால வடிவங்களிலும் கவனம் வேண்டும். சாலைப் பணி நடந்த ஓர் இடத்தில் ‘லேயிங்’ என்று எழுத வேண்டியதை ‘லையிங்’ என்று எழுதி நிறுத்தியிருந்த பலகையை ஒருமுறை பார்த்தேன். சாலை ஒன்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள் வந்துவிட்டது. சாலையின் நிலையைப் பார்த்தபோது பலகை எழுதியவர் தவறு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த இணைகள் எப்படி உண்டாயின என்பதும் சுவையான செய்தி. ஆங்கிலத்தின் முன்னோர்களான பழைய ஜெர்மானிய மொழிகளில், வினையுடன் ஓர் ஒட்டைச் சேர்த்துப் பிறவினை ஆக்குவார்கள். நாளடைவில் அந்த ஒட்டு தேய்ந்து மறைந்துவிட்டது. ஆனால் சொல்லின் நடுவில் உயிரொலி மாறியிருப்பது மட்டும் அடையாளமாக நின்றுவிட்டது. நாம் இறங்கு–இறக்கு என்று மெய்யை மாற்றிக்கொண்டதைப் போல அவர்கள் உயிரை மாற்றிக்கொண்டார்கள் என்று நினைவில் வைக்கலாம். உட்கார்தலைக் குறிக்கும் ‘ஸிட்’, இருத்துதலைக் குறிக்கும் ‘ஸெட்’. விழுதலைக் குறிக்கும் ‘ஃபால்’, மரத்தை வீழ்த்துதலைக் குறிக்கும் ‘ஃபெல்’ ஆகியவையும் அப்படிப் பிறந்த இணைகளே. குடித்தலைக் குறிக்கும் ‘டிரிங்க்’ என்பதற்கும் நனைத்தலைக் குறிக்கும் ‘டிரெஞ்ச்’ என்பதற்கும்கூட இதே உறவுதான். குடிக்கவைத்தல் என்பதே நாளடைவில் நனைத்தல் ஆயிற்று.

நல்ல வேளையாக, நம்மிடம் பெருகிக் கிடக்கும் இந்த இணைகள் ஆங்கிலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே எஞ்சியிருக்கின்றன. உருள்–உருட்டு இரண்டுக்கும் அங்கே ‘ரோல்’ போதும்; கண்ணாடி உடைந்தாலும் உடைத்தாலும் ‘பிரேக்’தான். ஆகவே மேலே சொன்னவற்றுடன் ஒன்றை மட்டும் சேர்த்துப் படித்தால் தேர்வுக்குப் போதும். அது நினைவில் வைத்திருத்தலைக் குறிக்கும் ‘ரிமெம்பர்’, நினைவூட்டுதலைக் குறிக்கும் ‘ரிமைண்ட்’ என்ற இணை. வடிவத்தில் இவை தன்வினை, பிறவினை அல்ல. ஆனால் வேலை அதே வேலை. ‘எனக்கு நாளைக்கு ஞாபகப்படுத்துங்கள்’ என்று கேட்க நினைத்து ‘ரிமெம்பர் மீ’ என்று எழுதினால், கண்காணாத தேசத்துக்குப் புறப்பட்டுப் போகிறவர் ‘என்னை மறந்துவிடாதீர்கள்’ என்று கண்ணீருடன் சொல்வதைப் போல் ஆகிவிடும்.

*

“என் ஆடு காணாமல் போயிற்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர்மீது எனக்குச் சந்தேகம். ஆங்கிலம் படித்த என் தம்பி மகன் எழுதிக் கொடுத்த புகாரில் ‘டவுட்’ என்ற சொல் இருந்தது. அதைப் படித்த ஒருவர், ‘அவர் எடுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே’ என்று சிரித்தார். இது உண்மையா?” — வாசகர் ஒருவர், உசிலம்பட்டி.

உண்மைதான். சந்தேகம் என்னும் ஒரே சொல்லை நாம் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நிலைகளுக்குப் பயன்படுத்துகிறோம். ‘அவர் வருவது சந்தேகம்’ என்றால் வரமாட்டார் என்று எண்ணுகிறோம். ‘அவர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகம்’ என்றால் எடுத்திருப்பார் என்றே எண்ணுகிறோம். தமிழில் முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்து யாரும் குழம்புவதில்லை. ஆங்கிலம் இவற்றை இரண்டு வினைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ‘டவுட்’ என்பது நம்பாமை. ‘சஸ்பெக்ட்’ என்பது ஐயத்துடன் கூடிய நம்பிக்கை. தோட்டத்துக்காரர் ஆட்டை எடுத்தார் என்பதை ‘டவுட்’ செய்கிறேன் என்று எழுதினால், எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை என்று பொருள். புகார் கொடுத்தவரே எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்ன கதையாகிவிடும். ‘சஸ்பெக்ட்’ என்று எழுதியிருக்க வேண்டும். செய்தித்தாள்களில் ‘சந்தேக நபர்’ என்று வருகிறதே, அந்த நபருக்கும் ஆங்கிலத்தில் ‘சஸ்பெக்ட்’ என்றுதான் பெயர். நீதிமன்றத்தில் அவருக்குக் கிடைக்கும் ‘சந்தேகத்தின் பலன்’ என்பதில் இருக்கும் சந்தேகமோ ‘டவுட்’. முதலாவது அவரைப் பிடித்து உள்ளே வைக்கிறது. இரண்டாவது வெளியே விடுகிறது.

உங்கள் தம்பி மகனுக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் பேச்சில் ‘டவுட்’ என்பதை இன்றும் அவர் எழுதிய பொருளிலேயே, அதாவது ‘அப்படித்தான் இருக்கும் என்று அஞ்சுகிறேன்’ என்னும் பொருளிலேயே பயன்படுத்துவதுண்டு. ஆனால் புகார் உசிலம்பட்டியில் அல்லவா கொடுக்கப்படுகிறது, திருத்தி எழுதிவிடுங்கள். ஆடு கிடைக்கட்டும்.

வகுப்பில் எழுந்து ‘எனக்கு ஒரு டவுட்’ என்று மாணவர்கள் கேட்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. விளங்காத ஒன்றைக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் ‘கொஸ்டின்’ போதும். வெளிநாட்டு ஆசிரியரிடம் ‘டவுட்’ என்றால், தாம் சொன்னதை இந்தப் பிள்ளை நம்பவில்லை போலும் என்று அவர் முகம் வாடும். நம் நாட்டுக்குள் இதை எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் நான் இதைத் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

*

“லெண்ட், பாரோ: எது கொடுப்பது, எது வாங்குவது?” — வாசகர் ஒருவர், அலங்காநல்லூர்.

‘லெண்ட்’ கொடுப்பது, ‘பாரோ’ வாங்குவது. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்கிறவர் ‘பாரோ’ செய்கிறார்; கொடுக்கிறவர் ‘லெண்ட்’ செய்கிறார். தமிழில் கடன், இரவல், கைமாற்று எல்லாம் பெயர்ச்சொற்கள். கொடு, வாங்கு என்பவை பக்கத்தில் நின்று திசையைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் திசை வினைக்குள்ளேயே இருப்பதால்தான் குழப்பம். வாடகை என்று வந்தால் நிலைமை வேறு: ‘ரெண்ட்’ என்னும் ஒரே வினையை வீட்டுக்காரரும் சொல்லலாம், குடியிருப்பவரும் சொல்லலாம். நம் தெருக்களில் தொங்கும் ‘டு லெட்’ பலகையில் இருக்கும் ‘லெட்’ மட்டும் வீட்டுக்காரருக்கே உரியது.

*

“தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசுவதால்தான் தவறு வருகிறது, தமிழை மறந்துவிட்டுப் பேசுங்கள் என்று எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். ஹியர், லிஸன் என்ற இரண்டையும் நான் மாற்றி மாற்றிப் போட்டதற்கும் இதையே காரணமாகச் சொன்னார்கள். உங்கள் கருத்து என்ன?” — வாசகி ஒருவர், செல்லூர்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தாய்மொழியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போக அது செருப்பு அல்ல. தவறு வருவது தமிழில் நினைப்பதால் அல்ல. தமிழில் அரைகுறையாக நினைப்பதால். உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

‘கேள்’ என்னும் தமிழ் வினைக்கு ஆங்கிலத்தில் குறைந்தது மூன்று வினைகள் வேண்டும். வினாவுதல் என்றால் ‘ஆஸ்க்’. ஒலி தானாக வந்து சேர்தல் என்றால் ‘ஹியர்’. மனம் வைத்துக் கேட்டல் என்றால் ‘லிஸன்’. இந்த இதழில் ‘கேள்வி’ என்று தலைப்பிட்டு நீங்கள் வினாவுவதை வெளியிடுகிறோம். திருக்குறளில் ‘கேள்வி’ என்னும் அதிகாரமோ சான்றோர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்பதைப் பற்றியது. ஒரு சொல்லுக்குள் இத்தனை இடம் இருப்பதால் வரும் குழப்பம் இது. ஆனால் இந்த வேறுபாடு தமிழில் இல்லையா? ‘காதில் விழுந்தது’ என்கிறோம், அது ‘ஹியர்’. ‘காது கொடுத்துக் கேள்’ என்கிறோம், அது ‘லிஸன்’. செவிமடுத்தல் என்று தனிச்சொல்லே இருக்கிறது. வாக்கியத்தை ஆங்கிலமாக்கும் முன், இது காதில் விழுந்ததா, காது கொடுத்ததா என்று ஒரு நொடி தமிழில் கேட்டுக்கொண்டால் போதும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தொலைபேசியில் பேசுவது காதில் விழுவது நம் குற்றம் அல்ல. காது கொடுத்தால்தான் குற்றம். ‘லிஸன்’ என்பதற்குப் பின் ‘டு’ வருவதுகூட, காதை ஒருவரை நோக்கித் திருப்புவதால்தான் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

‘பார்’ என்பதும் இப்படியே. மதுரை நகரத்துக்குள் நுழையும்போது கூரைகளுக்கு மேலே மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் கண்ணில் படுகிறதே, அது ‘ஸீ’. அருகில் போய் நின்று அதன் சுதைச் சிற்பங்களில் ஒன்றை நோக்குவது ‘லுக்’. நோக்கும் பொருளுக்கு முன் ‘அட்’ சேரும். மாசி வீதியில் நின்று தேர் அசைந்து வருவதை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது ‘வாட்ச்’; அங்கே பார்க்கப்படுவது அசைய வேண்டும் அல்லது ஏதேனும் நடக்கும் என்று நாம் காத்திருக்க வேண்டும். கண்ணில் படு, நோக்கு, பார்த்துக்கொண்டிரு என்ற மூன்றும் தமிழில் இருக்கின்றன. நாம்தான் ஒரே ‘பார்’ வைத்து வாழ்க்கையை ஓட்டுகிறோம்.

‘மறு’ என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளில் ‘குற்றச்சாட்டை அவர் மறுத்தார்’ என்று ஒரு பத்தியில் வரும்; ‘பதில் சொல்ல மறுத்தார்’ என்று அடுத்த பத்தியில் வரும். முன்னது ‘அது உண்மையல்ல’ என்பது, ஆங்கிலத்தில் ‘டினை’. பின்னது ‘செய்யமாட்டேன்’ என்பது, ஆங்கிலத்தில் ‘ரெஃப்யூஸ்’. மறுத்தார் என்பதை நீக்கிவிட்டு ‘இல்லை என்றார்’, ‘மாட்டேன் என்றார்’ என்று போட்டுப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதற்குரிய ஆங்கிலச் சொல் தானாக வந்து நிற்கும். தமிழை மறந்துவிட்டு இந்தச் சோதனையை எப்படிச் செய்வது?

*

“ஸே, டெல் வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா?” — வாசகர் ஒருவர், வாடிப்பட்டி.

சொன்னதுக்கு முதலிடம் என்றால் ‘ஸே’, யாரிடம் சொன்னோமோ அவருக்கு முதலிடம் என்றால் ‘டெல்’. ஆகவே ‘டெல்’ என்று எழுதியவுடன் அடுத்த சொல்லாக ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். நடுவில் ‘டு’ வேண்டாம். ‘என்னிடம் சொன்னார்’ என்பதில் இருக்கும் ‘இடம்’ என்ற உருபுதான் நம்மை ‘டோல்ட் டு மீ’ என்று எழுதவைக்கிறது. ‘ஸே’ என்பதற்கு ஆள் வேண்டியதில்லை. வேண்டுமானால் ‘டு’ போட்டு அழைத்துக்கொள்ளலாம். கதை, உண்மை, பொய் போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஆள் இல்லாவிட்டாலும் ‘டெல்’.

*

“என் மேலாளர் வடநாட்டுக்காரர். காலையில் தாமதமாக வந்ததற்குக் காரணமாக, ‘அப்பாவை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன்’ என்பதை ஆங்கிலத்தில் ‘லீவ்’ என்ற சொல்லின் இறந்தகாலத்தைப் போட்டுச் சொன்னேன். அவர் திடுக்கிட்டு, ‘ஏன்?’ என்று கேட்டார். நான் என்ன தவறாகச் சொன்னேன்?” — வாசகர் ஒருவர், ஒத்தக்கடை.

அப்பாவை அங்கே கைவிட்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். ‘விடு’ என்னும் நம் வினை கொண்டுபோய்ச் சேர்த்தல், கைவிடுதல், பிடியைத் தளர்த்துதல், அனுமதித்தல் எல்லாவற்றையும் செய்யும். ஒருவரை வண்டியில் ஏற்றிப் போய் இறக்கிவிடுவதற்கு ஆங்கிலத்தில் ‘டிராப்’ என்ற சொல்லுடன் ‘ஆஃப்’ சேர்த்துச் சொல்வார்கள். ‘லீவ்’ என்றால் நீங்கள் அகன்றீர்கள், அவர் அங்கேயே இருக்கிறார் என்பது மட்டும்தான் கேட்பவருக்குத் தெரியும். குடையை மறந்து வைத்துவிட்டு வருவதற்கும் அதே சொல்தான்.

கையைப் பிடித்திழுக்கிறவரிடம் ‘என்னை விடு’ என்பதற்கும் பலர் ‘லீவ் மீ’ என்கிறார்கள். அதற்கு ‘என்னைத் தனியாக விட்டுவிட்டு நீ போ’ என்று பொருள். பிடியை விடச் சொல்வதற்கும், போக அனுமதி என்பதற்கும் ‘லெட்’ என்று தொடங்கி ‘கோ’ என்று முடிக்க வேண்டும்.

உங்கள் மேலாளரிடம் இன்றே விளக்கிவிடுங்கள். அப்பா எந்த ஊருக்குப் பேருந்து ஏறினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர் மனம் நிம்மதியடையும்.